முப்பத்திரண்டு கே.பி. ஆகாயம்

திருத்தணி முருகனைப் பார்க்க நீங்கள் எப்போதாவது வந்ததுண்டா? அரக்கோணத்திலிருந்து ரேணிகுண்டா போகும் ரயில் பாதையில் இறங்கிக்கொண்டு, பஸ்ஸையும் ஆட்டோவையும் நம்பாமல் காலை நம்பி மலையேறினால் மொத்தம் 365 படிகள். ஆண்டுக்கு எத்தனை நாளோ அத்தனை படி என்பது எங்கள் ஊர்க் கணக்கு. ஆங்கிலப் புத்தாண்டுக்கு முந்தைய இரவு ஒவ்வொரு படிக்கும் சூடம் ஏற்றிப் பாட்டுப் பாடி ஏறுவார்கள். மூச்சு வாங்கினாலும் எண்ணிக்கை தப்பாது.

இந்தப் படிகளை எண்ணும் வேலையை ஒரு பழைய கணிப்பொறியிடம் கொடுத்தால் என்ன விடை சொல்லும் தெரியுமா? உச்சியில் போய் நின்றுகொண்டு, "மொத்தம் 109 படி" என்று சொல்லக்கூடும்!

கணிப்பொறிக்குக் கிறுக்குப் பிடிக்கவில்லை. அந்தக் காலத்து இயந்திரங்களின் மூளை ஒரே நேரத்தில் எட்டு சுவிட்சுகளைத்தான் கையாளும். ஒவ்வொரு சுவிட்சும் ஒன்று அணைந்திருக்கும், அல்லது எரிந்துகொண்டிருக்கும். எட்டு சுவிட்சுகளை 256 விதமாக வைக்கலாம். ஆகவே 0 முதல் 255 வரை எண்ணலாம். 256ஆம் படியில் கால் வைத்ததும் எட்டு சுவிட்சும் அணைந்து, எண்ணிக்கை மறுபடி பூஜ்யத்துக்கு வந்துவிடும். 365இல் 256 போனால் 109. இந்த எட்டு சுவிட்சுக் கட்டுக்குத்தான் பைட் என்று பெயர். பெரிய எண் வேண்டுமென்றால் இரண்டு பைட்டுகளைச் சேர்த்துக் கட்ட வேண்டும். நேரமும் இடமும் இரட்டிப்பாகும்.

இப்படிப் பாதி மலையில் எண்ணிக்கை மறந்து போகிற ஒரு இயந்திரத்துக்குள் ஆயிரக்கணக்கான நட்சத்திர மண்டலங்களையும், பறக்கும் கப்பல்களையும், சுழலும் விண்வெளி நிலையங்களையும் அடைத்து வைத்தார்கள் இரண்டு கல்லூரி மாணவர்கள். எப்படி அடைத்தார்கள் என்பதுதான் நம் கதை.

இயந்திரத்தின் பெயர் பி.பி.சி. மைக்ரோ. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரத்தில் ஏகார்ன் என்ற சிறு நிறுவனம் செய்தது. 1981ஆம் ஆண்டு டிசம்பரில் விற்பனைக்கு வந்தது. கம்ப்யூட்டர் என்றால் என்னவென்று மக்களுக்குக் கற்றுத்தர பி.பி.சி. தொலைக்காட்சி ஒரு தொடர் தயாரித்தது. அதற்குத் துணையாக வந்ததால் இந்தப் பெயர். தட்டெழுத்து இயந்திரத்தைப் போல ஒரு பெட்டி, மேலேயே விசைகள், உள்ளே 6502 என்ற சில்லு. அந்தச் சில்லில் சுமார் 3,500 டிரான்சிஸ்டர்கள். விநாடிக்கு 20 லட்சம் துடிப்பு. எழுதி அழித்து எழுதக்கூடிய நினைவகம் 32 கே.பி., அதாவது 32,768 பைட். இன்று உங்கள் வீட்டு மொபைலில் எடுக்கும் ஒரு புகைப்படம் இதைப் போல நூறு மடங்கு இடம் பிடிக்கும்.

இந்த இயந்திரத்துக்கும் நமக்கும் உறவு உண்டு. 1984-85இல் மத்திய அரசு பள்ளிகளுக்குக் கணிப்பொறி கொண்டுவரும் 'கிளாஸ்' திட்டத்தைத் தொடங்கியது. முதலில் நாடெங்கும் சுமார் 250 பள்ளிகளில் வந்து இறங்கியவை பி.பி.சி. மைக்ரோக்கள்தான். பிறகு மொகாலியிலிருந்த நம் அரசு நிறுவனமான செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ், உரிமம் பெற்று 'யூனிகார்ன்' என்ற பெயரில் இதையே இந்தியாவில் செய்தது.

வந்ததென்னவோ உண்மை. மாணவர்கள் தொட்டார்களா என்பது வேறு கேள்வி. நான் படித்த பள்ளி ஒன்றில் கணிப்பொறிக்குத் தனி அறை, தனித் திரைச்சீலை, தனிப் பூட்டு. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும். சரஸ்வதி பூஜையன்று அதற்குப் பொட்டு வைத்துச் சாமந்திப் பூ சாத்தினோம். விசையை அழுத்தியது மொத்தம் இரண்டு தடவை. இரண்டு தடவையும் ஆசிரியர் என் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தார். கெட்டுப் போய்விட்டால் யார் பதில் சொல்வது? பாவம், அவருக்கும் பயம். அதனாலேயே, சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளி தன் தட்டுமுட்டுச் சாமான்களை ஏலம் விட்டபோது பெஞ்சுக் கால்களுக்கு நடுவே ஒரு பி.பி.சி. மைக்ரோ கிடப்பதைப் பார்த்ததும், எடை போட்டு வாங்கி எங்கள் கல்லூரி இயற்பியல் ஆய்வகத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன். விசைகளில் எழுத்து தேயவே இல்லை. அதைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷத்தைவிடக் கோபம்தான் வந்தது.

மின்சாரம் கொடுத்தோம். 'பீப்' என்று குரல் கொடுத்தது. எல்லாரும் கைதட்டினோம். பத்தே நிமிடம். உள்ளிருந்து 'பட்' என்று ஒரு சத்தம், பிறகு வெள்ளைப் புகை, மீன் கருகியது போல நாற்றம்!

காரணம் ஒரு மின்தேக்கி. வீட்டு மின்சாரத்தோடு கலந்து வரும் இரைச்சலை வடிகட்ட, மின்வழியின் குறுக்கே அதை வைத்திருப்பார்கள். காகிதச் சுருளை ரெசின் பூச்சில் பொதித்துச் செய்தது. நாற்பது ஆண்டு வெயிலிலும் மழையிலும் பூச்சில் மயிரிழை வெடிப்பு விட்டு, ஈரம் உள்ளே புகுந்திருக்கிறது. ஈரம் வழியே மின்னோட்டம் கசிந்தது, கசிவு சூடாக்கியது, சூடு புகைத்தது. கிழப் பருவத்தில் எந்தப் பொருளுக்கும் வருகிற கோளாறுதான். புது மின்தேக்கி மலிவு. மாற்றியதும் பெட்டி சாதுவாக வேலை செய்தது. ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். பழைய மின்கருவி கிடைத்தால் நீங்களாகத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய மின்தேக்கிகள் மின்னூட்டத்தைப் பிடித்து வைத்திருக்கும், தொட்டால் தூக்கியடிக்கும்.

அடுத்து, விளையாட்டு. அதன் பெயர் 'எலீட்'. 1984 செப்டம்பரில் வெளிவந்தது. எழுதியவர்கள் டேவிட் பிரேபன், இயன் பெல் என்ற கேம்பிரிட்ஜ் மாணவர்கள். அந்தக் காலத்தில் இது ஒலிநாடா கேசட்டில் வரும். ஆம், பாட்டுக் கேட்கும் அதே கேசட்! 0 என்றால் 1200 ஹெர்ட்ஸ் ஒலி, 1 என்றால் 2400 ஹெர்ட்ஸ் ஒலி. இரண்டு சுருதிகளில் கீச்சிடும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கணிப்பொறி நிரலை எழுதிக்கொள்ளும். விநாடிக்கு ஏறத்தாழ 120 பைட். எனவே 20 கே.பி. ஏறுவதற்கு மூன்று நிமிடத்துக்கு மேல். எங்களிடம் கேசட் இல்லை. ஒலிக்கோப்பாக வைத்திருந்ததை ஒரு மாணவனின் மொபைலில் ஒலிக்கவிட்டு, அதன் ஒலித்துளையிலிருந்து ஒயர் இழுத்து பி.பி.சி. மைக்ரோவின் கேசட் துளையில் செருகினோம்.

இதில் ஒரு வேடிக்கை. பி.பி.சி. மைக்ரோவை உருவாக்கியவர்களில் முக்கியமான சோஃபி வில்சன், ஸ்டீவ் ஃபர்பர் இருவரும், அதே ஏகார்ன் நிறுவனத்தில் 1985இல் 'ஆர்ம்' என்ற புதுச் சில்லை வடிவமைத்தார்கள். அந்த வடிவமைப்பு வேலைக்கு உதவியது பி.பி.சி. மைக்ரோதான். இன்று நம் சட்டைப்பையில் இருக்கும் மொபைல்களின் மூளை பெரும்பாலும் அந்த ஆர்ம் வம்சம். ஆக அன்று எங்கள் மேஜையில் பேரன் தாத்தாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தான்.

பழைய டி.வி.யின் கறுப்புத் திரையில் வெள்ளைக் கோடுகளாலான கப்பல்கள் மிதந்து வந்தன. 'எஸ்' விசை அழுத்தினால் நம் கப்பலின் மூக்கு கீழே போகும். 'எக்ஸ்' மேலே தூக்கும். 'ஏ' அழுத்தினால் லேசர் பாயும். நூறு நாணயம் கையிருப்போடு லாவே என்ற கோளிலிருந்து புறப்பட்டு, சரக்கு வாங்கி விற்று, வழிப்பறிக் கப்பல்களைச் சுட்டு வீழ்த்திப் பிழைக்க வேண்டும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முதல் நாள் நான் பிழைக்கவே இல்லை.

ஆகாயத்தை மடித்து வைப்பது

இந்த விளையாட்டில் எட்டு அண்டங்கள், அண்டத்துக்கு 256 நட்சத்திர மண்டலங்கள், மொத்தம் 2,048. ஒவ்வொன்றுக்கும் பெயர், இருக்கும் இடம், ஆட்சி முறை, மக்கள்தொகை எல்லாம் உண்டு. மண்டலத்துக்கு இருபது பைட் என்று வைத்தாலே 40 கே.பி. ஆகிவிடும். இருப்பதோ 32 கே.பி.; அதிலும் திரைப்படத்துக்கே ஏறத்தாழ 8 கே.பி. போய்விடுகிறது. பிறகு எப்படி?

அவர்கள் ஆகாயத்தைச் சேமித்து வைக்கவில்லை. அதைச் செய்யும் முறையைச் சேமித்து வைத்தார்கள். விதையைப் பையில் வைத்துக்கொண்டு, வேண்டியபோது மரத்தை முளைக்கவிடுவது போல. நீங்களே செய்து பாருங்கள். மூன்று எண்களை எடுத்துக்கொள்ளுங்கள்: 3, 5, 8. மூன்றையும் கூட்டி வருவது நான்காவது எண்: 16. இனி கடைசி மூன்றைக் கூட்டிக்கொண்டே போங்கள்: 29, 53, 98, 180. அடுத்தது 331 வரவேண்டும். ஆனால் நம் திருத்தணிக் கணக்கு ஞாபகமிருக்கிறதா? 256 தாண்டினால் பூஜ்யத்திலிருந்து. ஆகவே 75. அடுத்து 97, 96, 12...

பார்த்தீர்களா, தொடக்கத்தில் ஒழுங்காக ஏறிய எண்கள், 256ஐத் தாண்டிச் சுருண்டதும் தாறுமாறாகத் தெரியத் தொடங்குகின்றன. ஆனால் தாறுமாறு அல்ல. 3, 5, 8 என்று யார் தொடங்கினாலும், எந்த ஊரில் தொடங்கினாலும் இதே வரிசைதான் வரும். எலீட்டில் எட்டு சுவிட்சு எண்களுக்குப் பதில் பதினாறு சுவிட்சு எண்கள் மூன்று. ஆறே பைட். அந்த ஆறு பைட்டிலிருந்து வரும் எண்களைக் கொண்டு, இரண்டிரண்டு எழுத்துகளாகக் கோத்துப் பெயர் வைத்தார்கள், இடத்தைக் குறித்தார்கள், மக்கள்தொகையையும் தீர்மானித்தார்கள். பெல்லும் பிரேபனும் முதலில் எட்டு அண்டம் போதாது, 281 லட்சம் கோடிக்கும் அதிகமான அண்டங்களைத் தருகிறோம் என்றார்களாம். ஆறு பைட்டில் அத்தனை விதைகள் உண்டு. பதிப்பித்தவர்கள்தான், அவ்வளவு கொடுத்தால் இது வெறும் எண் வித்தை என்று ஆடுபவர்களுக்குத் தெரிந்துவிடும், எட்டு போதும் என்று தடுத்தார்கள். நல்ல காலம்!

படம் வரைவதில் இன்னொரு தந்திரம். டி.வி. திரையில் விநாடிக்கு 50 முறை படம் புதுப்பிக்கப்படுகிறது. ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே சில்லுக்குக் கிடைப்பது 40,000 துடிப்புகள். ஒரு கட்டளைக்கு இரண்டு முதல் ஏழு துடிப்பு செலவாகும். பெருக்கலுக்கு 6502 சில்லில் கட்டளையே கிடையாது. இரட்டித்துக் கூட்டி இரட்டித்துக் கூட்டித்தான் பெருக்க வேண்டும். எனவே ஒரு கப்பலை நகர்த்தும்போது திரை முழுவதையும் அழித்து வரைய நேரமில்லை. பழைய கோடுகளை மட்டும் அழிக்க வேண்டும். அழிக்கும்போது அடியில் இருந்த நட்சத்திரமும் சேர்ந்து அழிந்துவிடக் கூடாது. வழி என்ன? கோடு போகும் புள்ளியில் விளக்கு எரிந்தால் அணை, அணைந்திருந்தால் ஏற்று. இதே கோட்டை இரண்டாம் முறை வரைந்தால் எல்லாப் புள்ளிகளும் பழைய நிலைக்கே திரும்பிவிடும்! வரைவதும் அழிப்பதும் ஒரே கட்டளை.

கப்பலின் பின்பக்கத்துக் கோடுகளையும் வரைவதில்லை. ஒவ்வொரு முகத்திலிருந்தும் செங்குத்தாக ஒரு அம்பு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதாக நினையுங்கள். அம்பு நம்மை நோக்கிச் சாய்ந்தால் முகம் தெரியும்; எதிர்ப்பக்கம் சாய்ந்தால் மறையும். பன்னிரண்டாம் வகுப்பில் இரண்டு வெக்டர்களின் திசையிலிப் பெருக்கல் என்று ஒன்று வரும், "இது எதற்கு சார்?" என்று கேட்பீர்கள். இதற்குத்தான். பெருக்கற்பலன் மிகையா குறையா என்று பார்த்தால் போதும், முகம் தெரியுமா தெரியாதா என்று சொல்லிவிடலாம்.

இதைவிட எனக்குப் பிடித்தது சுழற்றும் முறை. ஒரு புள்ளியை வட்டமாகச் சுழற்ற சைன், கொசைன் வேண்டும் என்று படித்திருப்பீர்கள். சைன் கணக்கிட நேரமேது? சிறு கோணமென்றால் ஒரு குறுக்குவழி உண்டு. ஒரு புள்ளியின் கிடைத்தூரம் 100, உயரம் 0 என்று கொள்வோம். ஒவ்வொரு தடவையும் கிடைத்தூரத்தில் பத்தில் ஒரு பங்கை உயரத்திலிருந்து கழி. உயரத்தில் பத்தில் ஒரு பங்கைக் கிடைத்தூரத்தோடு கூட்டு. புள்ளி சுழலத் தொடங்கும். ஆனால் பழைய எண்களை வைத்தே இரண்டையும் கணக்கிட்டால் ஒரு கோளாறு. முதல் அடியில் கிடைத்தூரம் 100, உயரம் -10. மையத்திலிருந்து தூரம் 100.5 ஆகிவிட்டது. 63 அடியில் ஒரு சுற்று முடியும்போது 100 இருந்த ஆரம் சுமார் 137! கப்பல் சுழலச் சுழல ஊதிக்கொண்டே போகும்.

இப்போது ஒரே ஒரு மாற்றம். புது உயரத்தை முதலில் கணக்கிட்டு, கிடைத்தூரத்துக்கு அந்தப் புது உயரத்தையே பயன்படுத்துங்கள். உயரம் -10, கிடைத்தூரம் 100இல் 1 குறைந்து 99. புள்ளி ஓடிப்போகாது, வட்டத்தை ஒட்டிய ஒரு வளைவில் என்றென்றைக்கும் சுற்றிக்கொண்டிருக்கும். 1960களிலேயே மார்வின் மின்ஸ்கி என்ற அமெரிக்க விஞ்ஞானியின் பெயரோடு பேசப்பட்ட தந்திரம் இது. எலீட்டின் கப்பல்களெல்லாம் இப்படித்தான் உருள்கின்றன. இந்த மாற்றத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

சுடுவது எளிது, சேர்வது கடினம்

கணிப்பொறி விண்வெளிச் சண்டை எலீட்டோடு பிறக்கவில்லை. 1962இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஸ்டீவ் ரஸ்ஸலும் நண்பர்களும் 'ஸ்பேஸ்வார்' செய்தார்கள். நடுவே ஒரு நட்சத்திரம் ஈர்க்க, இரண்டு கப்பல்கள் சுட்டுக்கொள்ளும். 1978இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனத்தில் டோமோஹிரோ நிஷிகாடோ செய்த 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' உலகையே ஆட்டிப் படைத்தது. அதில் 55 பகைவர்கள் வரிசை கட்டி இறங்குவார்கள். விநாடிக்கு 60 படம். படத்துக்கு ஒரு பகைவனைத்தான் நகர்த்த முடியும். 55 பேரும் இருந்தால் படை ஓர் அடி வைக்க ஏறத்தாழ ஒரு விநாடி. சுடச் சுட ஆள் குறையும். முறை சீக்கிரம் வரும். கடைசி ஆள் தலைதெறிக்க ஓடுவான். இயந்திரத்தின் இயலாமையே ஆட்டத்தின் விறுவிறுப்பாகிவிட்டது! நிஷிகாடோ அதைத் திருத்தாமல் விட்டுவிட்டார்.

எலீட்டில் சுடுவதைவிடப் பாடாய்ப் படுத்துவது நிலையத்துக்குள் நுழைவதுதான். நிலையம் பம்பரம் போலச் சுழன்றுகொண்டேயிருக்கும். அதன் ஒரு முகத்தில் குறுகலான நீள்சதுர வாசல். நேர் எதிரே வந்து, வாசல் சுழலும் வேகத்துக்கே நம் கப்பலையும் உருட்டிக்கொண்டு, மெதுவாக நுழைய வேண்டும். கொஞ்சம் பிசகினால் மோதிச் சாவு. எங்கள் ஆய்வகத்தில் எல்லாரும் செத்தோம். நகரியிலிருந்து தினமும் வரும் ஒரு மாணவி மட்டும் ஆடாமல், நோட்டில் ஏதோ போட்டுக்கொண்டிருந்தாள். "சார், வாசலைப் பார்த்துப் போகக்கூடாது. முதலில் கோளுக்கும் நிலையத்துக்கும் நடுவில் போய் நின்றுகொள்ளணும். வாசல் எப்பவும் கோளைப் பார்த்துத்தான் இருக்கு" என்றாள். பிறகு உட்கார்ந்தவள் எட்டு தடவை மோதினாள். ஒன்பதாம் தடவை கப்பல் உள்ளே வழுக்கிப் போயிற்று. பக்கத்து வகுப்பிலிருந்து ஆசிரியர் எட்டிப் பார்த்துக் கண்டிக்கிற அளவுக்குக் கூச்சல்.

கூச்சல் அடங்கியதும் நான் ஒரு கேள்வி கேட்டேன். "விசையை விட்டதும் கப்பல் நின்றுவிடுகிறதே, நியாயமா?"

நியாயமில்லை. எலீட்டில் வேகத்தைக் குறைத்தால் கப்பல் சாலையில் ஓடும் பஸ் போல மெதுவாகிவிடும். காற்றும் உராய்வும் இல்லாத வெளியில் அப்படி நடக்காது. நியூட்டனின் முதல் விதிப்படி எதிர்விசை கொடுக்கும்வரை போய்க்கொண்டே இருக்கும். இந்த விஷயத்தில் 1962இன் ஸ்பேஸ்வார்தான் நேர்மையானது. எலீட்டின் தொடர்ச்சியாக 1993இல் வந்த 'ஃபிரான்டியர்' விளையாட்டில் பிரேபன் நியூட்டன் விதியையே புகுத்தினார். ஓட்டுவது மிகக் கடினம் என்று பலர் முணுமுணுத்தார்கள்.

பூமியைச் சுற்றும் பாதையிலோ இன்னும் பெரிய விசித்திரம். 1965 ஜூன் மாதம் ஜெமினி-4 கலத்தில் பறந்த ஜேம்ஸ் மெக்டிவிட், தம்மை ஏற்றிவந்த ராக்கெட்டின் காலி அடுக்கை நெருங்கப் பார்த்தார். நம்மைப் போலவே அதை நோக்கிக் கலத்தைத் திருப்பி, பின்னாலிருந்து விசை கொடுத்தார். அடுக்கு நெருங்கவில்லை, விலகிப் போயிற்று! எரிபொருள் கரைந்ததே மிச்சம், முயற்சி கைவிடப்பட்டது.

ஏன்? முன்னோக்கி உந்தினால் சுற்றுப்பாதை உயர்கிறது. உயரமான பாதையில் வேகம் குறைவு, சுற்றளவோ அதிகம். ஆக வேகமாகப் போக உந்தியவர் பின்தங்கிவிடுவார். முன்னால் போகிறவரைப் பிடிக்க வேண்டுமானால் பிரேக் போட்டுக் கீழே இறங்க வேண்டும். சுமார் 470 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு சுற்றுக்கு 94 நிமிடம். அங்கே ஒருவர் மற்றவரைவிட ஒரே ஒரு கிலோமீட்டர் உயரத்தில் சுற்றினால், ஒரு சுற்று முடிவதற்குள் 9.4 கிலோமீட்டர் பின்தங்கிவிடுவார். (மூன்றால் 'பை'யைப் பெருக்குங்கள், எப்படி வந்தது என்று ஆசிரியரிடம் கேளுங்கள்.)

2024 டிசம்பர் 30 இரவு பத்து மணிக்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி-60 ராக்கெட் எழுந்தது. ஸ்ரீஹரிகோட்டா எங்கள் மலைக்கு வடகிழக்கே நேர்கோட்டில் சுமார் 90 கிலோமீட்டர். வானம் தெளிந்திருந்தால் இரவு ராக்கெட் ஒன்று ஏறுவதை மலைமேலிருந்தே பார்க்கலாம். பூமி வளைந்திருப்பதால் தொடக்கத்தில் கொஞ்ச உயரம்தான் மறையும்; அதற்குமேல் தொடுவானத்தைத் தாண்டிவிடும். அன்று போனவை ஸ்பேடெக்ஸ் செயற்கைக்கோள்கள் இரண்டு. எடை தலா சுமார் 220 கிலோ. விண்ணில் தாமாகவே ஒன்றோடொன்று சேர வேண்டும். ஜனவரி 7 என்றார்கள், 9 என்றார்கள், நெருங்கும்போது எதிர்பார்த்ததைவிட அதிகமாக விலகவே நிறுத்திவைத்தார்கள். 12ஆம் தேதி 15 மீட்டர், பிறகு 3 மீட்டர் வரை கொண்டுவந்து பார்த்து, மறுபடி பின்வாங்கினார்கள். 16ஆம் தேதி சேர்ந்தன. சேரும்போது ஒன்றுக்கொன்று வேகம் விநாடிக்குச் சுமார் 10 மில்லிமீட்டர் அளவு. எறும்புகூட அதைவிட வேகமாக நடக்கும். இரண்டும் சேர்ந்து பூமியைச் சுற்றிய வேகமோ விநாடிக்கு 7.6 கிலோமீட்டர்! இப்படிச் சேர்த்த நான்காவது நாடு இந்தியா.

அதே சி-60 பயணத்தில் 'விக்ரம் 3201' என்ற 32 பிட் சில்லையும் சோதித்தார்கள். ராக்கெட்டுகளுக்காகவே நம் நாட்டில் செய்தது. அது பிறந்த இடம் மொகாலி. ஆம், யூனிகார்ன் செய்த அதே இடம். 1989இல் தீவிபத்தில் எரிந்துபோய், மீண்டு, பெயர் மாறி, பிறகு விண்வெளித் துறையின் ஆய்வுக்கூடமாக இருந்து, இப்போதும் சில்லு செய்கிறது.

இதையெல்லாம் கேட்ட நகரி மாணவிக்கு எலீட் சலித்துவிட்டது. "நிஜமா சுத்தறதை நாமே எழுதலாமா சார்?" என்றாள். பி.பி.சி. மைக்ரோவைப் போட்டதும் திரையில் வந்து நிற்பது பேசிக் மொழிதான். தனியாக ஒன்றும் ஏற்ற வேண்டாம். நடுவில் பூமி, சுற்றிலும் ஒரு புள்ளி. ஈர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிடு, இடத்தை நகர்த்து, திசைவேகத்தை மாற்று, மறுபடி முதலிலிருந்து. இருபது வரிகூட இல்லை. ஓட்டினாள். புள்ளி அழகாகச் சுற்றியது. இரண்டாம் சுற்று கொஞ்சம் பெரிதாக. மூன்றாவது இன்னும் பெரிதாக. ஐந்தாவது சுற்றில் திரையை விட்டே வெளியேறிவிட்டது.

நியூட்டன் விதியைச் சரியாகத்தான் எழுதியிருக்கிறாள். கூட்டல் கழித்தலில் பிழையில்லை. இரண்டு நாள் அதையே முறைத்துப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் காலை ரயிலிலிருந்து இறங்கி நேரே ஆய்வகத்துக்கு வந்தவள், நிரலில் இரண்டு வரிகளை இடம் மாற்றினாள். முதலில் திசைவேகத்தை மாற்று. பிறகு அந்தப் புதுத் திசைவேகத்தால் இடத்தை நகர்த்து. கப்பல் ஊதாமலிருக்கச் செய்த அதே மாற்றம்!

மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்த் திரும்பி வந்து பார்த்தோம். புள்ளி அதே பாதையில் சுற்றிக்கொண்டிருந்தது. 'எக்ஸ்' விசையில் மட்டும் எழுத்து லேசாகத் தேய ஆரம்பித்திருந்தது.